இருபத்தெட்டுக் கால் கங்காணி

அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெண்கள் பால்மரம் வெட்டப் போனார்கள். கொட்டகை ஒரு பக்கம், அவர்களுடைய நிரை வேறொரு பக்கம். பிள்ளை அழுகிறதா என்று கால்மணிக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்த்தால் மங்குக் கிண்ணத்தில் ரப்பர்ப் பால் சேராது. வராமலே இருந்துவிட்டால் பிள்ளை பசியில் துடிக்கும். அழுகை அடங்காதபோது ஆயா அங்கே திரிகிற ஒரு பையனைக் கூப்பிடுவாள்: “டேய், ஓடிப்போயி ஒங்க சின்னம்மாகிட்ட சொல்லு, பாப்பா பாலுக்கு அழுவுதுன்னு!” பையன் ஓடுவான். தாய் கத்தி வைத்த மரத்தைப் பாதியில் விடமாட்டாள். அந்தக் கோட்டை முடிப்பாள். எந்த மரத்தில் நிறுத்தினோம் என்று மனத்தில் குறித்துக்கொள்வாள். வந்து பால் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய், விட்ட மரத்துக்கு அடுத்த மரத்திலிருந்து தொடங்குவாள்.

கணினியின் செயலி நொடிதோறும் செய்வது இந்த வேலையைத்தான். விசைப்பலகையில் யாராவது ஓர் எழுத்தைத் தட்டினார்களா, வட்டு கேட்ட தரவைக் கொண்டுவந்துவிட்டதா, வலையிலிருந்து செய்தி வந்திருக்கிறதா என்று அது ஒவ்வொரு கருவியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் வேறு வேலை எதுவும் நடக்காது. ஆகவே கருவிகள்தாம் செயலியைக் கூப்பிடுகின்றன. அந்தக் கூப்பாட்டுக்குக் குறுக்கீடு என்று பெயர். செயலி, கையிலிருக்கும் ஒரு கட்டளையை முடிக்கிறது. நின்ற இடத்தைக் குறித்துவைக்கிறது. கூப்பிட்ட கருவியைக் கவனிக்கிறது. பழைய இடத்துக்குத் திரும்புகிறது. 1954இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் கட்டிய டைசியாக் என்ற கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

ஒரு பிள்ளைக்கு ஒரு பையன் ஓடினால் போதும். எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதால்? எட்டுப் பையன்களும் ஒரே தாயிடம் ஓடிவந்து கத்தினால் அவளுக்கு ஒன்றும் புரியாது. எந்த அழைப்பு முதலில், எது காத்திருக்கலாம், எது இப்போதைக்கு வாய் திறக்கவே கூடாது என்று நடுவில் நின்று ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டும். தோட்டத்தில் தொழிலாளியின் பேச்சு நேரே துரையிடம் போகாது. கங்காணி வழியாகக் கிராணியிடமும், கிராணி வழியாகத் துரையிடமும் போகும். கணினியில் அந்தக் கங்காணியின் இடத்தில் இருப்பது குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி என்ற சில்லு. அந்தச் சில்லின் அமைப்பைப் பற்றியும், அதை இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் எப்படிப் புரிந்துகொள்கிறது, எப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறது என்பது பற்றியுமே இந்த உரை.

எட்டுக் கம்பிகள்

1976இல் இன்டெல் நிறுவனம் 8259 என்ற சில்லை வெளியிட்டது. கறுப்பு நிற உடல், இரண்டு பக்கமும் பதினான்கு பதினான்காக 28 உலோகக் கால்கள். 18 முதல் 25 வரையுள்ள எட்டுக் கால்களில் எட்டுக் கருவிகளின் கம்பிகள் வந்து சேரும். 17ஆம் கால் செயலியை நோக்கிப் போகும்: “ஒருவர் அழைக்கிறார்” என்ற ஒரே செய்தியை அது சுமக்கும். செயலி “யார்?” என்று கேட்கும், அந்தக் கேள்வி 26ஆம் காலில் வந்து சேரும். சில்லு ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு செயலி நினைவகத்தில் ஓர் அட்டவணையைப் பார்த்து, உரிய நிரலுக்குத் தாவும்.

சில்லுக்குள் மூன்று சிறு பதிவேடுகள் உண்டு. யார் யார் அழைத்திருக்கிறார்கள் என்பது ஒன்றில். யாருடைய அழைப்பு இப்போது கவனிக்கப்படுகிறது என்பது இன்னொன்றில். யாரை வாய் மூடி இருக்கச் சொல்லியிருக்கிறது என்பது மூன்றாவதில். வேலை முடிந்ததும் கெர்னல் “முடிந்தது” என்று சில்லுக்குச் சொல்லவேண்டும். சொல்ல மறந்தால், அதற்குக் கீழான முன்னுரிமை கொண்ட எந்த அழைப்பையும் சில்லு மேலே அனுப்பாது. திரையில் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். ஒரு சொல் மறந்ததற்கு ஓர் இயந்திரம் முழுவதும் நின்றுபோகும்.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் இப்படி ஒரு சில்லு இருந்தது. 0ஆம் கம்பி நேரங்காட்டிக்கு. அது நொடிக்கு 18.2 தடவை துடித்தது. 1ஆம் கம்பி விசைப்பலகைக்கு. 3, 4 தொடர்த் துறைகளுக்கு. 6 நெகிழ்வட்டுக்கு. 7 அச்சுப்பொறிக்கு. எட்டுப் போதாது என்றானதும், 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் இரண்டாவது சில்லு சேர்ந்தது. அது செயலியிடம் நேரே பேசாது. முதல் சில்லின் 2ஆம் கம்பியில் அது கட்டப்பட்டது. சின்னக் கங்காணி பெரிய கங்காணியிடம் சொல்ல, பெரிய கங்காணி மேலே சொல்லும் முறை. இரண்டிலும் சேர்த்துப் பயன்பாட்டுக்கு 15 கம்பிகள் கிடைத்தன.

கிந்தாவின் ஈயமும் பினாங்கின் சில்லும்

இந்தக் கதை பேராக்குக்கு அந்நியமானதன்று. 1972இல் இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் 16 லட்சம் டாலர் முதலீட்டில், நூறு பேரோடு தொடங்கியது. 1980களின் இன்டெல் சில்லுகள் பலவற்றைப் புரட்டிப் பார்த்தால் மலேசியா என்ற முத்திரை இருக்கும். அதே 1972இல் பேராக்கின் ஈப்போவில் கார்செம் நிறுவனம் பிறந்தது. பிறகு சிம்பாங் பூலாய் பக்கம் யூனிசெம் வந்தது. இரண்டும் சில்லுகளைச் செதுக்குவதில்லை. வெளியிலிருந்து வரும் சிலிக்கான் தகட்டை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சட்டத்தில் ஒட்டி, முடியைவிட மெல்லிய கம்பியால் அதன் ஓரங்களைக் கால்களோடு பிணைத்து, பிசினால் மூடி, சோதித்து அனுப்புகின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் மரங்கள் சாய்ந்து, அந்த மண் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் போன காலத்தில், லயத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் பலர் பேக்டரி பஸ் ஏறினார்கள். அம்மா மரத்துப் பட்டையில் மெல்லிய கோடு இழுத்தாள்; மகள் நுண்ணோக்கியில் கண் வைத்து மெல்லிய கம்பி பிணைத்தாள். இரண்டும் கையும் கண்ணும் நடுங்கக் கூடாத வேலைகள். எந்தக் காலில் எந்தக் கம்பி என்பது அந்தப் பெண்களுக்கு மனப்பாடம். அந்தக் கம்பி வழியாக என்ன பேசப்படுகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சில்லின் கால்களை மின்சுற்றுப் பலகையோடு ஒட்டவைக்கும் பற்றாசும் இந்த மண்ணோடு தொடர்புடையது. நெடுங்காலம் வழங்கிய பற்றாசு 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்தது. 183 பாகை செல்சியஸில் உருகும். வெள்ளீயத்தை ஈப்போவில் எல்லாரும் ஈயம் என்றே சொல்வார்கள். உலகின் பெரிய ஈயச் சுரங்க வட்டாரமாக இருந்தது இங்குள்ள கிந்தாப் பள்ளத்தாக்கு. 1985 அக்டோபரில் உலக ஈய விலை சரிந்தபோது அந்தச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இரு பொருள் கொண்ட எண்

ஐபிஎம் பிசியில் நேர்ந்த ஒரு பிசகை இன்றுவரை பிசியில் ஓடும் ஒவ்வொரு கெர்னலும் திருத்திக்கொண்டே இருக்கிறது. 8086 செயலியை வடிவமைத்த இன்டெல், குறுக்கீட்டு அட்டவணையின் முதல் 32 எண்களைச் செயலியின் சொந்தத் தேவைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தது. கணினியைத் துவக்கும் நிரலான ஐபிஎம்மின் பயாஸ் அந்த ஒதுக்கீட்டைப் பொருட்படுத்தாமல், எட்டுக் கருவிகளின் அழைப்புகளை 8 முதல் 15 வரையுள்ள எண்களில் கொண்டுபோய் வைத்தது. அப்போது அந்த எண்கள் காலியாகக் கிடந்ததால் தொல்லை தெரியவில்லை.

பிறகு 286, 386 செயலிகள் வந்தன. 8ஆம் எண், ஒரு பிழையைக் கையாளப் போய் இன்னொரு பிழையில் விழும் இரட்டைப் பிழையின் அடையாளமாயிற்று. 13ஆம் எண், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தை ஒரு நிரல் தொடும்போது எழும் பாதுகாப்பு மீறலின் அடையாளமாயிற்று. இந்த நிலையில் 8ஆம் எண் வந்தால் அது நேரங்காட்டியின் துடிப்பா, இரட்டைப் பிழையா? 13 வந்தால், 5ஆம் கம்பியில் இருக்கும் ஒலி அட்டை கூப்பிடுகிறதா, ஒரு நிரல் வேலி தாண்டிவிட்டதா? ஒரே கதவை இருவர் ஒரே மாதிரி தட்டும்போது வீட்டுக்காரர் என்ன செய்வார்?

1991இல் லினஸ் தோர்வல்ட்ஸ் தம் 386 கணினிக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், தொடக்கத்திலேயே இந்த இரண்டு சில்லுகளையும் மறுபடி அமைத்து, கருவிகளின் அழைப்புகளை 32ஆம் எண்ணிலிருந்து தொடங்குமாறு தள்ளியது. ஐபிஎம் செய்த குளறுபடியைப் பற்றி நிரலுக்குள்ளேயே அவர் மனம்விட்டு ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். கெர்னல் எழுதக் கற்கும் மாணவர்கள் இன்றும் தொடக்கத்தில் செய்யும் பயிற்சிகளில் இந்த மறு அமைப்பும் ஒன்று. சில்லுக்கு நான்கு கட்டளைச் சொற்களை வரிசை மாறாமல் கொடுக்கவேண்டும். இரண்டாவது சொல்லில்தான் அந்தத் தொடக்க எண் இருக்கிறது.

ஜம்பர் காலம்

1990களில் மலேசியாவில் ஜாரிங் இணையச் சேவை வந்தது. 1996இல் டிஎம்நெட் வந்தது. ஈப்போ வீடுகளில் தொலைபேசிக் கம்பியில் மோடம் கீச்சிட்ட காலம் அது. மோடம் அட்டை வாங்கிவந்து பொருத்தினால் சுட்டி செத்துப்போகும். சுட்டியைக் கழற்றினால் இணையம் வரும். மாட்டினால் இரண்டும் போகும். கடைக்காரர் அட்டையைக் கழற்றி, நகத்தளவு பிளாஸ்டிக் ஜம்பரை ஓர் ஊசியிலிருந்து பக்கத்து ஊசிக்கு மாற்றித் தருவார், எல்லாம் சரியாகிவிடும்.

காரணம் எளியது. முதல் தொடர்த்துறையும் மூன்றாம் தொடர்த்துறையும் 4ஆம் கம்பியைப் பங்குபோட்டுக்கொண்டன. இரண்டாவதும் நான்காவதும் 3ஆம் கம்பியை. சுட்டி முதல் துறையிலும் மோடம் மூன்றாம் துறையிலும் இருந்தால் இருவருக்கும் ஒரே கம்பி. அக்காலத்து என்இ2000 வகை வலை அட்டைகள் பலவும் 3ஆம் கம்பிக்கே அமைக்கப்பட்டு வந்தன. இரண்டாம் தொடர்த்துறையோடு மோதின. சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையின் முதல் வடிவங்கள் 7ஆம் கம்பியில் அச்சுப்பொறியோடு உரசின. பிற்கால வடிவங்கள் 5க்கு மாறின.

ஒரு கம்பியை இருவர் ஏன் பங்கிட முடியாது? பழைய ஐஎஸ்ஏ அட்டைகள் மணி அடிப்பது போல் கூப்பிடுபவை. ஒரு தட்டு, அவ்வளவுதான். முதல் மணியின் ஓசை அடங்குமுன் இன்னொருவர் அடித்தால் கேட்பவருக்கு ஒரே மணியாகத்தான் கேட்கும்; இரண்டாமவரின் அழைப்பு காணாமல் போகும். 1992இல் வந்த பிசிஐ அட்டைகள் கொடி ஏற்றுவது போல் கூப்பிட்டன. தன்னை யாராவது வந்து கவனிக்கும்வரை கருவி கொடியை இறக்காது. ஒரே கம்பத்தில் நால்வர் கொடி ஏற்றினாலும் பிரச்சினை இல்லை, கெர்னல், கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வரும்: “உன் கொடியா இது?” ஒருவர் இறக்கிய பின்னும் கம்பத்தில் கொடி பறந்தால் அடுத்தவரைக் கேட்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கொடிக் கம்பியை மணிக் கம்பி என்று கெர்னல் தவறாகக் குறித்துக்கொண்டால் அழைப்புகள் தொலையும். எந்த டிரைவரும் பொறுப்பேற்காத கொடி ஒன்று பறந்துகொண்டே இருந்தால், செயலி அதைப் பார்ப்பதிலேயே முழு நேரத்தையும் செலவிடும். லினக்ஸ் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒரே கம்பியில் ஒரு லட்சம் அழைப்புகள் வந்து, அவற்றில் 99,900க்கு மேல் யாரும் உரிமை கோராமல் போனால், அந்தக் கம்பியையே மூடிவிட்டு, இதை யாரும் கவனிக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதும். அந்தக் கம்பியைப் பகிர்ந்துகொண்ட நல்ல கருவிகளும் அத்தோடு ஊமையாகும்.

இன்னொரு விந்தையும் உண்டு. கருவி ஒன்று கூப்பிட்டுவிட்டு, “யார்?” என்ற கேள்வி வருமுன் கையை இறக்கிக்கொண்டால் 8259 சில்லுக்குச் சொல்ல எண் இராது. அப்போது அது 7 என்று சொல்லிவிடும். அச்சுப்பொறி இல்லாத கணினிகளிலும் 7ஆம் கம்பியில் பொய்யழைப்புப் பதிவாவது இதனால்தான்.

பலகை தரும் வரைபடம்

ஒரே கணினியில் இரண்டு, நான்கு செயலிகள் வந்தபோது, எல்லா அழைப்பையும் ஒரே செயலியிடம் கொண்டுபோகும் பழைய கங்காணியால் சமாளிக்க முடியவில்லை. 1990களில் இன்டெல் ஏபிக் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு செயலிக்கும் சொந்தமாக ஓர் உள்ளக ஏபிக். தாய்ப்பலகையில் பெரும்பாலும் 24 கம்பிகள் கொண்ட ஓர் ஐஓ ஏபிக். எந்தக் கம்பியின் அழைப்பு எந்தச் செயலிக்கு, அது மணியா, கொடியா என்பதைக் கம்பிவாரியாக எழுதிவைக்கலாம்.

எந்தக் கருவி எந்தக் கம்பியில் கட்டப்பட்டிருக்கிறது என்பது பலகைக்குப் பலகை மாறும். கெர்னல் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பலகை செய்தவர் பயாஸில் எழுதிவைத்த அட்டவணையை நம்பியே ஆகவேண்டும். 1994இல் இன்டெல் வெளியிட்ட பல்செயலி விதித்தொகுப்பும், 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதித்தொகுப்பும் இந்த அட்டவணைகளுக்கு வடிவம் வகுத்தன. ஏசிபிஐ முறையில், இயங்குதளம் துவங்கும்போது தான் பழைய முறையில் ஓடப்போகிறதா, ஏபிக் முறையில் ஓடப்போகிறதா என்று 0 அல்லது 1 என்ற எண்ணால் முதலில் சொல்லும். அந்தப் பதிலுக்கு ஏற்ற கம்பி வரைபடத்தைப் பலகை கொடுக்கும்.

வரைபடம் பொய் சொன்னால்? வன்பொருள் ஒத்திசைவின்மை என்று வழங்கப்படும் தொல்லைகளில் பெரும் பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 சில்லுத்தொகுதி கொண்ட பலகைகள் 2003, 2004 வாக்கில் பரவலாக விற்றன. அவற்றில் பலவற்றின் அட்டவணை, நேரங்காட்டி ஐஓ ஏபிக்கின் 2ஆம் ஊசியில் இருக்கிறது என்று சொன்னது. உண்மையில் அது 0ஆம் ஊசியில் இருந்தது. கெர்னல் 2இல் காது வைத்துக் காத்திருக்கும், துடிப்பு வராது, வேறு வழியில்லாமல் நேரங்காட்டியை மட்டும் பழைய 8259 வழிக்கு மாற்றும். அட்டவணையின் அந்த ஒரு வரியை மட்டும் நம்பாதே என்று கெர்னலுக்குச் சொல்ல லினக்ஸில் தனியே ஒரு துவக்க அமைப்பு சேர்க்கப்பட்டது.

நேரங்காட்டி கிடைக்காதபோது லினக்ஸ் எளிதில் கைவிடுவதில்லை. ஐஓ ஏபிக் வழியாக நேரே முயலும். வராவிட்டால் 8259 வழியாக ஐஓ ஏபிக்குக்கு. அதுவும் இல்லையென்றால் உள்ளக ஏபிக்குக்கு நேர்க்கம்பியாக. கடைசியாக, ஆதிகால வெளிக்குறுக்கீட்டு முறை. நான்கும் தோற்றால்தான் நின்று, ‘நோஏபிக்’ என்ற சொல்லோடு மறுபடி துவக்கிப் பாருங்கள் என்று திரையில் எழுதும். நாற்பது ஆண்டு வன்பொருள் வரலாறு அந்தச் சில வரி நிரலுக்குள் படிந்திருக்கிறது.

விண்டோஸ் வேறு வழியில் போனது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் வன்பொருளோடு பேசும் அடித்தளக் கோப்பு பல வகையாக இருந்தது: பழைய பிசிக்கு ஒன்று, ஏசிபிஐ பிசிக்கு ஒன்று, ஏபிக் உள்ள ஒற்றைச் செயலிக்கு ஒன்று, பல்செயலிக்கு ஒன்று. நிறுவும் நேரத்தில் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்து வட்டில் வைத்துவிடும். பிறகு யாராவது பயாஸுக்குள் போய் ஏபிக் முறையை மாற்றிவிட்டால் கணினி துவங்காது. வட்டு நல்லது, நினைவகம் நல்லது, மின்வழங்கி நல்லது. மாறியது ஓர் அமைப்பு மட்டும். ஆனால் வீட்டில் இருப்பவர் கணினியே போய்விட்டது என்று முடிவுகட்டுவார்.

ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் 4ஆம் வரிசைவரை, ஏபிக் வேண்டுமென்றால் பல்செயலிக்கான அமைப்போடு ஏபிக் அமைப்பையும் சேர்த்துக் கெர்னலைப் புதிதாகக் கட்டவேண்டும். ஒரு செயலிக்குக் கட்டியது ஒருவகை, பல செயலிக்குக் கட்டியது இன்னொருவகை. 2003 இறுதியில் ஜான் பால்ட்வின் இந்தக் குறுக்கீட்டுப் பகுதியைத் திரும்ப எழுதினார். 2004 ஜனவரியில் வந்த 5.2 பதிப்பிலிருந்து ஒற்றைச் செயலிக் கணினியும் ஏபிக்கைப் பயன்படுத்தலாம். ஒத்துவராத பலகையில் துவக்கக் கோப்பில் ஒரு வரி எழுதி அதை அணைத்துவிடலாம். கெர்னலைக் கட்டும்போது எடுக்கவேண்டியிருந்த முடிவு, கணினியைத் துவக்கும்போது எடுக்கும் முடிவாக மாறியது. சாதாரணப் பயனருக்கு அது பெரிய விடுதலை.

கம்பியே இல்லாத அழைப்பு

இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கருவிகளுக்குக் குறுக்கீட்டுக்கென்று தனிக் கம்பி கிடையாது. நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு சிறு எண்ணை எழுதுவதே அவற்றின் அழைப்பு; எம்எஸ்ஐ என்பது அதன் பெயர். பங்கிடும் சண்டை இல்லை. வேகமான என்விஎம்ஈ வட்டு ஒவ்வொரு செயலிக்கருவுக்கும் தனித்தனி அழைப்பு வைத்துக்கொள்ள முடிகிறது.

அப்படியானால் 1976இன் 28 கால் சில்லு ஓய்வுபெற்றுவிட்டதா? தனிச் சில்லாக அது மறைந்தது. ஆனால் அதன் நடத்தை பெரிய சில்லுகளின் உள்ளே ஒரு மூலையில் உயிரோடிருக்கிறது. 2023இல் ஏஎம்டி செயலி கொண்ட சில புதிய மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவியவர்களுக்கு விசைப்பலகை போன்றவை வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்தபோது, அந்தக் கணினிகளின் பயாஸ் பழைய 8259 பகுதியைத் தயார்நிலைக்குக் கொண்டுவராமலே விட்டிருந்தது தெரிந்தது. லினக்ஸ் அதைத் தட்டிப் பார்த்தது, பதில் வரவில்லை, இங்கே அப்படி ஒரு சில்லே இல்லை என்று முடிவுகட்டியது, அந்த முடிவால் பழைய எண்களில் வரும் அழைப்புகள் செயலிழந்தன. சில்லு உண்டு என்று ஏசிபிஐ அட்டவணை சொன்னால் தட்டிப் பார்க்காமலே நம்பு என்று, அவ்வாண்டு அக்டோபரில் லினக்ஸ் கெர்னல் எழுதுநர் தாமஸ் கிளைக்ஸ்னர் திருத்தம் எழுதினார். என்ஃபோர்ஸ்2 காலத்தில் அட்டவணையை நம்பாதே என்பது மருந்தாக இருந்தது. இருபது ஆண்டு கழித்து அட்டவணையை நம்பு என்பது மருந்தானது.

அதே 2023 மே மாதத்தில் இன்டெல், எக்ஸ்86எஸ் என்ற திட்டத்தை முன்வைத்தது. பழைய சுமைகளைச் செயலியிலிருந்து களையும் திட்டம்; களையவேண்டியவற்றின் பட்டியலில் 8259க்கான ஆதரவும் இருந்தது. 2024 டிசம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. கங்காணி இன்னும் களத்தில்தான் நிற்கிறார்.

பிசியைவிட்டு வெளியே போனாலும் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 பலகையில், ஆர்ம் நிறுவன வடிவமைப்பான ஜிஐசி-400 கட்டுப்படுத்தியும் இருக்கிறது, முந்தைய பலகைகளின் பழைய கட்டுப்படுத்தியும் இருக்கிறது. எது வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரியால் சொல்லலாம். சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலி திறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பின் மேல் எழுந்தது. 2018இல் அதன் ஒரு வடிவம் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் அச்சாகி லினக்ஸை ஓட்டியது. ரிஸ்க்-ஃபைவ் உலகில் வழங்கும் பிளிக் என்ற கட்டுப்படுத்தியில், செயலி ஓர் இடத்தைப் படித்தால் அழைத்தவரின் எண் வரும். வேலை முடிந்ததும் அதே எண்ணை அங்கே எழுதினால் கணக்குத் தீர்ந்தது. 1976இன் “யார்?”, “முடிந்தது” என்ற இரண்டு சொற்களும் சென்னையில் வரையப்பட்ட சில்லிலும் பேசப்படுகின்றன. பினாங்கும் ஈப்போவும் பிறர் வரைந்த சில்லைக் கட்டிக்கொடுத்த ஊர்கள். சென்னையில் மாணவர்கள் சில்லை வரையவே தொடங்கிவிட்டார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் படிப்பால் கடக்க முடியும் என்பதே இவ்வுரை அழுத்திச் சொல்ல விரும்புவது.

ஒரு பழைய கணினியின் முன்

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத கணினிகள் அலுவலகங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. சுங்கை சிப்புட்டிலோ, பத்துகாஜாவிலோ, பீடோரிலோ ஒரு தமிழ்ப்பள்ளிக்கோ டியூஷன் மையத்துக்கோ அவை நன்கொடையாக வரும். லினக்ஸ் நிறுவிப் பார்ப்பார்கள். பெரும்பாலானவை ஓடும். சில, துவங்கும்போதே உறையும். உறைந்தது பழைய இரும்புக்குப் போகும்.

போகுமுன் செய்யவேண்டியவை உண்டு. அவற்றுக்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில் பலகை செய்தவர் வெளியிட்ட பயாஸ் புதுப்பிப்பைப் பார்க்கவேண்டும். வரைபடத்தின் பிழை அங்கேயே திருத்தப்பட்டிருக்கலாம். ஓர் அட்டை மட்டும் முரண்டினால், துவக்க வரியில் எம்எஸ்ஐயை அணைக்கும் சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம். கணினி முழுவதும் உறைந்தால் ‘நோஏபிக்’. இதற்கு ஒரு விலை உண்டு: ஐஓ ஏபிக் ஒதுக்கப்பட்டு, பழைய 15 கம்பிகளோடு, கருவிகள் நெருக்கியடித்துக்கொண்டு, கம்பி வழியான எல்லா அழைப்பும் ஒரே செயலிக்கருவிடம் போகும். ஏசிபிஐயை முழுவதும் அணைப்பது கடைசி வழி. செயலிக்கருக்கள் எத்தனை என்ற பட்டியலே அந்த அட்டவணைக்குள்தான் இருக்கிறது. அணைத்தால் நான்கு கரு கொண்ட கணினி ஒற்றைக் கருவோடு ஓட நேரிடும், மின்சிக்கனமும் போகும். எந்தச் சொல்லால் கணினி எழுந்தது என்பதைக் குறித்துவைப்பது முக்கியம். எந்தப் பலகை, எந்தப் பயாஸ் பதிப்பு, எந்தச் சொல் என்ற அந்தக் குறிப்பு கெர்னல் எழுதுபவர்களிடம் போய்ச் சேர்ந்தால், அடுத்த பதிப்பில் அந்தப் பலகை தானே எழும். கெர்னலுக்குள் இருக்கும் விதிவிலக்குப் பட்டியல்கள் பலவும் யாரோ ஒருவர் தம் கணினி எழாத நாளில் உட்கார்ந்து எழுதி அனுப்பியவைதாம்.

பேராக்கின் தமிழ் மாணவருக்கு இதைக் கற்றுத்தரத் தனி ஆய்வகம் வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்ட ஒரு கணினி, ஒரு திருப்புளி, லினக்ஸ் ஏற்றிய ஒரு விரலி போதும். பலகையைத் திறந்து, ஊசிகளையும் சில்லுகளையும் காட்டி, அவற்றில் எது பினாங்கிலோ ஈப்போவிலோ மூடப்பட்டது என்று முத்திரையைப் படிக்கச் சொல்லலாம். வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ, பேக்டரியில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுவரச் சொல்லலாம். அந்தப் பதில் பாடத்தின் முதல் பக்கமாக இருக்கட்டும்.

பிறகு, லினக்ஸில் ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘இன்டரப்ட்ஸ்’ என்ற கோப்பைத் திறந்து காட்டவேண்டும். கம்பிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை தடவை கூப்பிட்டது என்ற எண் இருக்கும். 0இல் நேரங்காட்டி. 9இல் ஏசிபிஐ. அடியில் பிழைகளுக்கு ஒரு வரி. மணியையும் கொடியையும் மாற்றிப் புரிந்துகொண்டு சமாளித்த தடவைகளுக்கு இன்னொரு வரி. 1ஆம் வரியில் விசைப்பலகை, 1981இல் இருந்த அதே இடத்தில். பழைய பிஎஸ்2 விசைப்பலகையில் மாணவி ‘அ’ என்று ஒருமுறை தட்டிவிட்டுக் கோப்பை மறுபடி திறந்தால், தட்டிய விசை ஒவ்வொன்றுக்கும் அந்த எண் இரண்டு கூடியிருக்கும்: விசையை அழுத்தியதற்கு ஒன்று, விரலை எடுத்ததற்கு ஒன்று.